நவம்பர் 2-ம் தேதி லீவு கேட்க முடியுமா?

கேள்வி: மெக்சிகோவின் மொந்தெர்ரேயில் ஒரு ஏஜென்சி மூலம் வேலை பார்க்கிறேன். நவம்பர் 2, டிசம்பர் 12 இரண்டு நாளும் வங்கிகூடத் திறக்கவில்லை; எனக்கு மட்டும் லீவு இல்லை. செப்டம்பர் 16 வேலை பார்த்ததற்குப் பதிலாக வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: முதல் இரண்டில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. மூன்றாவதில் ஏமாற்றுகிறார்கள்.

இறந்தோர் நாளுக்குக் கல்லறையெல்லாம் செண்டுமல்லியால் நிறையும். குவாதலூப்பே மாதா திருநாளுக்கு லட்சக்கணக்கானோர் தலைநகருக்கு வருவார்கள். ஆனால் கட்டாய விடுமுறைகளைப் பட்டியலிடும் தொழிலாளர் சட்டத்தின் 74-வது பிரிவில் இரண்டுமே கிடையாது. வங்கி மூடுவது வங்கிகளுக்கென்று உள்ள தனி உத்தரவால். புவெப்லா போரின் நினைவு நாளான மே 5-ம் அந்தப் பிரிவில் இல்லை, புவெப்லா மாநிலத்துக்கு வெளியே பெரிதாக ஒன்றுமில்லை.

செப்டம்பர் 16 விஷயம் வேறு, அது சுதந்திர தினம். 15-ம் தேதி இரவு 11 மணிக்கு அதிபர் தேசிய மாளிகை மாடத்தில் மணியடித்து 'விவா மெஹிகோ' என்று முழங்க, சோகலோ சதுக்கமே திருப்பி முழங்கும்; வாணவேடிக்கை நடக்கும். மறுநாள் ராணுவ அணிவகுப்பு. சட்டப்படி விடுமுறை அந்த மறுநாள்தான். அன்று வேலை வாங்கினால், வழக்கமான கூலியோடு இன்னும் இரு மடங்கு தரவேண்டும் என்கிறது 75-வது பிரிவு. நாள்கூலி 600 பேசோ என்றால் 1,800. மாற்று லீவு என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சிலர் 'டபுள்' என்று சொல்லி 1,200-ஓடு நிறுத்துவார்கள். சம்பள ரசீதில் அந்தக் கூடுதல் கூலிக்கான வரியைத் தேடிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. அதிபர் பதவியேற்கும் அக்டோபர் 1-ம் விடுமுறைதான், ஆனால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. 2024-இல் வந்தது, இனி 2030. ஆண்டுதோறும் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பு அது டிசம்பர் 1. பழைய காலண்டரை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஏஜென்சி என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆள் சப்ளை 2021 முதல் தடை. சிறப்புச் சேவை நிறுவனங்கள் மட்டும் 'ரெப்சே' என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்துகொண்டு நடத்தலாம். அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, உங்கள் ஏஜென்சி பெயரைத் தேடுங்கள். இதைக்கூடத் தொழிலாளிதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் லட்சணம்!

பாக்கியைக் கேட்க ஓராண்டுதான் அவகாசம். தொழிலாளர்களுக்காக வாதாடும் அரசு அமைப்பான 'ப்ரோஃபெதெத்' அலுவலகத்தில் ஆலோசனை இலவசம். வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன், பாதி கொடுங்கள்" என்று வருகிற 'கொயோத்தே' எனப்படும் தரகர்களிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.