பகலில் பட்டினி, இரவில் டப்பா காலி

கேள்வி: எனக்கு வயது 34, எடை 86 கிலோ. காலையில் காபி மட்டும். மதியம் இரண்டு சப்பாத்தி. அலுவலகத்தில் யார் கேக் நீட்டினாலும் தொடமாட்டேன். ஆனால், இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு மிக்சர், பிஸ்கட், மீந்த சோறு என்று வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிடுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. மறுநாள் மீண்டும் பட்டினி. எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா டாக்டர்?

பதில்: நாள் முழுக்க கேக்கைத் தொடாமல் இருப்பவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அது உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்திருந்தார். அவர்களுக்குச் சோற்று நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தடை நீங்கியதும் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அதற்கு முன் அப்படிச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அல்ல.

பட்டினியில் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும். அந்த நிலையில் உணவைப் பார்த்தாலே, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் இயங்கும் பாதைகள் வழக்கத்தைவிட வலுவாகத் தூண்டப்படும். டோபமைன் தருவது ருசியை அல்ல, 'வேண்டும்' என்ற உந்துதலை. மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டின. ஐந்தாறு கைப்பிடிக்குப் பிறகு மிக்சரில் ருசி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். கை மட்டும் டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கும். அதைத் தடுக்க வேண்டிய முன்மூளைப் பகுதியோ, அந்த நேரத்தில் களைப்பிலும் தூக்கக் குறைவிலும் தளர்ந்திருக்கும்.

பருமனானவர்களின் மூளையில் டோபமைனை உள்வாங்கும் ஏற்பிகள் குறைவு என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே டோபமைனைச் சீராக்கித் தருகிறோம் என்று 'டோபமைன் டீடாக்ஸ்' விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பருமனான பலருக்கு இப்படி நிறுத்த முடியாமல் சாப்பிடும் பழக்கமே கிடையாது. ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது.

முதலில், காலை உணவை மீட்டெடுங்கள். மூன்று இட்லி, சாம்பார், கூடவே ஒரு முட்டை அல்லது சுண்டல். மதியம் வயிறாரச் சாப்பாடு. மாலை ஐந்து மணிக்கு ஏதாவது சிற்றுண்டி; பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரவு மீறிப்போனாலும் மறுநாள் காலை உணவை நிறுத்தாதீர்கள். இந்த ஒன்றுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். முதல் சில வாரங்கள் எடை பார்ப்பதையும் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

வாரம் ஒருமுறையாவது இப்படி நேர்ந்து, மூன்று மாதம் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் 'பிஞ்ச் ஈட்டிங்' (கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்ணும்) கோளாறாக இருக்கலாம். மறுநாள் பட்டினி கிடப்பதால், மீறி உண்டதைப் பட்டினியாலோ வாந்தியாலோ ஈடுகட்ட முயலும் புலிமியா வகையா என்பதையும் மனநல மருத்துவர் பார்ப்பார். இரண்டுக்குமே எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) நல்ல பலன் தருகிறது. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.