வீணையும் மிருதங்கமும் ஒரே படத்தில்: தம்பதியை எப்படி உட்காரவைப்பது?

கேள்வி: அம்மா வீணை வாசிப்பவர், அப்பா மிருதங்கம். அறுபதாம் கல்யாணத்துக்காக இருவரையும் வீட்டுக் கூடத்தில் வாத்தியத்தோடு படமெடுத்து, 12×18 அங்குலத்தில் மாட்ட ஆசை. எடுத்துப் பார்த்ததில் வீணைக் குடம் (உருண்டையான அடிப்பாகம்) பூதாகாரமாகத் தெரிகிறது. அப்பா முகம் மங்கல். எங்கே தவறு?

பதில்: முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். கச்சேரியில் வலக்கை மிருதங்க வாசிப்பாளர் பிரதானக் கலைஞரின் வலப்பக்கம் உட்காருவது வலந்தலை (மிருதங்கத்தில் வலக்கை தட்டும் முகம்) சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. படத்துக்கும் அதுவே சரி. கேமராவிலிருந்து பார்த்தால் அப்பா இடப்பக்கம், அம்மா வலப்பக்கம். இடம் மாறினால் இடக்கை தட்டும் முகமான தொப்பிதான் கேமராவைப் பார்க்கும். வீணையின் மறுமுனையிலுள்ள யாளி முகமோ அப்பாவின் முழங்காலில் முட்டும். அப்பா அம்மாவை நோக்கி 45 டிகிரி திரும்பினால் போதும். அதற்கு மேல் திரும்பினால் பாதி முகம்தான் கிடைக்கும்.

குடம் ஊதித் தெரியக் காரணம், அகலக் கோண லென்ஸோடு கிட்டப் போனது. வீணையே ஏறத்தாழ நாலடி நீளம். இருவருக்குமாக 2 மீட்டர் அகலம் வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டர் தள்ளி நின்றால் சரியாக அடங்கும். 85 மி.மீ. முகத்துக்கு அழகுதான், ஆனால் ஐந்து மீட்டர் பின்வாங்க எத்தனை வீட்டில் இடமிருக்கிறது? செல்போன் என்றால் 2 எக்ஸ் வைத்துத் தள்ளி நில்லுங்கள். போர்ட்ரெயிட் மோடு வேண்டாம், பிரடைகளையும் (தந்தியை முறுக்கும் முளைகள்) தந்திகளையும் அது தின்றுவிடும்.

மங்கலுக்குக் காரணம் அப்பர்ச்சராக (லென்ஸ் திறப்பின் அளவு) இருக்கலாம். அந்த 3 மீட்டரில் எஃப் 2.8 வைத்தால் கூர்மை சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குத்தான், குடத்தில் ஃபோகஸ் விழுந்தால் பின்னால் இருக்கும் முகம் போய்விடும். எஃப் 5.6 வைத்தால் 1.2 மீட்டர் கிடைக்கும். முன்னால் இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மீட்டும் விரல் கலையாமலிருக்க ஷட்டர் 1/250 நொடி. கேமரா அவர்கள் மார்பு உயரத்துக்கு, தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலே இருக்கட்டும். நின்றபடி எடுத்தால் தலை பெருத்து, கால் குறுகும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பட்டுப்புடவைச் சரிகையும் வீணை வார்னிஷும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னல் கேமராவுக்கு வலப்பக்கம் இருக்கட்டும். இடப்பக்கம் இருந்தால் வெளிச்சம் அப்பாவின் முதுகில்தான் விழும். நேர்வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் தொங்கவிடுங்கள். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் அட்டை ஒன்று போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் கெடும். வார்னிஷ் பளபளப்பை லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் குறைக்கும், வீணையின் உலோக மெட்டுகளின் மினுக்கத்தை அல்ல. மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால், காதுப்பக்கக் கம்பியைச் சற்றே தூக்கிவிடுங்கள்.

சுருதிப் பெட்டி, தண்ணீர் பாட்டில், மைக் ஒயர் எல்லாவற்றையும் அகற்றிய பிறகு, “போஸ்” கேட்காமல் ஒரு வர்ணம் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பின் நடுவே வாய் கோணும். கோர்வை (தாளக் கணக்கோடு முடியும் முத்தாய்ப்பு) முடிந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் அந்த நொடிக்காகக் காத்திருங்கள்.

அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600×5400 பிக்சல் வேண்டும். அனுப்புமுன் படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். குடம் படத்தின் இடப்பக்கம் இல்லையென்றால், வலக்கைக்காரரான அம்மா இடக்கை வாசிப்பாளராகிவிட்டார்!