ஒரே கேபிளில் தரவும் மின்சாரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டடத்தின் மறுகோடியில் உள்ள ஓர் அறையில் வெப்பநிலையை அளந்து எட்டு ரிலேக்களை (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளை) இயக்கும் கருவி ஒன்றை அமைக்கவிருக்கிறேன். அங்கே வைஃபை எட்டவில்லை. பிளக் பாயின்டும் இல்லை. ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் ஓப்பன் சோர்ஸ் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை நம்பி வாங்கலாமா? 48 வோல்ட் வரும் கேபிளைச் செருகினால் போர்டு கருகிவிடாதா?

பதில்: வாங்கலாம். முறையான பிஓஇ சுவிட்சை, அதாவது ஈதர்நெட் கேபிள் வழியே தரவுடன் மின்சாரமும் தரும் நெட்வொர்க் சுவிட்சைப் பயன்படுத்தும்வரை, கருகிவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. மின்னியல் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ 2003-இல் வெளியிட்ட 802.3ஏஎஃப் தரநிலைப்படி, சுவிட்ச் எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தத்தை அனுப்புவதில்லை. முதலில் சுமார் 10 வோல்ட்டுக்கு மிகாத சிறு மின்னழுத்தத்தைச் செலுத்தி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை தென்படுகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு நகர்கிறது. ஆகவே பிஓஇ வசதியற்ற கணினியை அதே போர்ட்டில் தவறிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. 'பாசிவ் பிஓஇ' என்ற பெயரில் விற்கப்படும் மலிவான இன்ஜெக்டர்களுக்கு இந்த நிதானம் கிடையாது. எதிரே இருப்பது எதுவென்று பாராமலே அவை 24 அல்லது 48 வோல்ட்டைக் கேபிளில் ஏற்றிவிடுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது.

மின்திறன் கணக்கு எளிது. அந்தத் தரநிலையில் சுவிட்ச் 15.4 வாட் தருகிறது. 100 மீட்டர் கேபிளில் ஏற்படும் இழப்பு போக 12.95 வாட் கருவிக்குக் கிடைக்கும். 5 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் பொதுவாக 0.4 வாட் அளவே எடுப்பதால், எட்டும் ஒருசேர இயங்கினாலும் 3.2 வாட்டுக்கு அருகில்தான் வரும். ஆனால் சுவிட்ச் தருவதையெல்லாம் போர்டு உங்களிடம் தந்துவிடாது. 48 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வர்ட்டர் எத்தனை வாட் தாங்கும் என்பதே உண்மையான வரம்பு. அதைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது, அந்தக் கன்வர்ட்டர் ஈதர்நெட் பக்கத்தையும் உங்கள் சுற்றின் பக்கத்தையும் மின்னியல் ரீதியாகப் பிரித்துவைக்கிறதா என்பதைத்தான். பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் இஎஸ்பி32-பிஓஇ, இஎஸ்பி32-பிஓஇ-ஐஎஸ்ஓ என்று பார்வைக்கு ஒத்த இரு போர்டுகளைத் தயாரிக்கிறது. முதலாவதில் அந்தப் பிரிப்பு இல்லை. ஆகவே பிஓஇ மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யுஎஸ்பி கேபிளால் அதைக் கணினியுடன் இணைக்கக் கூடாது என்று நிறுவனமே எச்சரிக்கிறது. மீறி இணைத்தால், இரு பக்கக் கிரவுண்டுகளும் (மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையான பொது இணைப்புகளும்) ஒன்றாகிப் போர்டும் கணினியும் சேர்ந்தே பழுதாகலாம். வேறு அடாப்டரில் இயங்கும் சென்சாரை இணைத்தாலும் ஆபத்து இதுவே. விலை சற்றுக் கூடினாலும் ஐஎஸ்ஓ வகையையே வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் போர்டாக இருந்தால், விளம்பர வாசகத்தை நம்பாமல் சுற்று வரைபடத்தைத் திறந்து, கன்வர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கிரவுண்டுகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வரைபடம் பொதுவில் இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது.

கேள்வி: ஈதர்நெட் உள்ள இஎஸ்பி32 போர்டில் ஐ2சி (இரு கம்பிகளில் தரவு அனுப்பும் முறை) சென்சாரை வழக்கம்போல 21, 22 ஆகிய பின்களில் இணைத்தேன். உடனே நெட்வொர்க் போய்விட்டது. போர்டு பழுதா?

பதில்: பழுதில்லை. இஎஸ்பி32 சில்லு தன் உள்ளிருக்கும் ஈதர்நெட் பகுதியை வெளிச் சில்லுடன் இணைக்க 19, 21, 22, 25, 26, 27 ஆகிய பின்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றை மாற்ற இயலாது. ஆர்டுயினோ நிரல்களோ 21, 22 இரண்டையும் ஐ2சிக்கு உரியவையாகவே கருதுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, நிரலில் ஐ2சியை வேறு இரு பின்களுக்கு மாற்றுவது மட்டுமே. முன்பு சொன்ன ஒலிமெக்ஸ் போர்டுகளில் அதற்கென 13-ஆம் பின் தரவுக்கும் 16-ஆம் பின் கடிகாரத் துடிப்புக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மணிக்கு ஒருமுறைதான் அளவெடுக்கிறேன். இடைப்பட்ட நேரத்தில் போர்டைத் தூக்கநிலைக்கு அனுப்பி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 802.3ஏஎஃப் சுவிட்ச், மறுமுனையில் குறைந்தது 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் அவ்வப்போதேனும் எடுக்கப்படுகிறதா என்று கண்காணித்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் கருவி கழற்றப்பட்டுவிட்டது என்று கருதி, அரை நொடிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். பிறகு 25 கிலோ ஓம் சோதனையிலிருந்து மறுபடி தொடங்கும். போர்டு விழித்து, தூங்கி, அணைந்து, மீண்டும் விழித்துக்கொண்டிருக்கும். தூக்கநிலை பேட்டரிக் கருவிகளுக்கு உரியது. மேலாண்மை வசதியுள்ள சுவிட்ச் இருந்தால், போர்டு செயலற்று நின்றுவிடும்போது அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி மீண்டும் தந்து, இருந்த இடத்திலிருந்தே அதை மறுதொடக்கம் செய்யலாம். அப்போது ரிலேக்கள் எந்த நிலைக்கு வர வேண்டும் என்பதை மட்டும் நிரலின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.