நிறப் பெயரை எண்ணாக்கும்போது வரும் சிக்கல்கள்

கேள்வி: எங்கள் மாம்பழக்கூழ் ஆலையில் லேபிள் நிறங்களை எக்செல்லில் தமிழும் ஆங்கிலமுமாகக் கலந்து எழுதுகிறார்கள். பைத்தானில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) எண்ணாக மாற்றினால் சில வரிகளில் பிழை வருகிறது. பச்சையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. என்ன செய்வது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: படங்களைக் கையாளும் பில்லோ என்ற பைத்தான் நூலகம் இருந்தால் போதும். அதன் இமேஜ்கலர் பகுதியில் கெட்ஆர்ஜிபி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆங்கிலத்தில் டொமேட்டோ என்று கொடுத்தால் 255, 99, 71 கிடைக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமெல்லாம் அது பார்ப்பதில்லை, இடைவெளியைத்தான் ஏற்காது. டார்க், ஆரஞ்ச் இரண்டையும் பிரித்து எழுதினால் வேல்யூஎரர் என்ற பிழை, சேர்த்து எழுதினால் 255, 140, 0. முதலில் ஸ்ப்ளிட் போட்டு இடைவெளியில் வெட்டி, வெற்றுச் சரத்தால் ஜாயின் செய்து ஒட்டிவிடுங்கள்.

பச்சை மாறுவதற்குக் காரணம், பெயர்ப் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. வலைப்பக்கங்களுக்கான பட்டியலில் கிரீன் 0, 128, 0. யூனிக்ஸ் கணினிகளின் திரை அமைப்பான எக்ஸ்11-இன் பழைய பட்டியலில் அதே பெயர் 0, 255, 0. வலையில் இதற்கு லைம் என்று பெயர். கிரே, மரூன், பர்ப்பிள் மூன்றும் இதே ரகம். கிரேயின் மூன்று எண்களும் வலையில் 128, எக்ஸ்11-இல் 190. இரண்டையும் கலந்ததில் வந்த கூத்து என்னவென்றால், வலையில் டார்க்கிரே 169, அதாவது வெறும் கிரேயைவிட வெளுப்பு! பில்லோ வலைப் பட்டியலையே பின்பற்றுகிறது. இந்த நான்கு பெயர்களுக்கு மட்டும் எண்ணையே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு நீங்களே ஒரு டிக்ஷனரி (பெயருக்கு எதிரே எண்ணை வைக்கும் பட்டியல்) வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத வம்பு. 'ரோஜா'வில் உள்ள 'ரோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டிக்ஷனரிக்கோ இரண்டும் வேறு வேறு, கீஎரர் வந்து நிற்கும். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தில், டிக்ஷனரியின் பெயர்கள், எக்செல்லின் பெயர்கள் இரண்டின் மேலும் ஓட்டினால் தீரும். நகலெடுத்து ஒட்டும்போது அகலமில்லா இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஸ்ட்ரிப், ஸ்ப்ளிட் இரண்டுமே விட்டுவிடும். ரீப்ளேஸ் போட்டுத் தனியாக நீக்க வேண்டும்.

தெரியாத பெயருக்குக் கருப்பை இயல்பு மதிப்பாக வைக்காதீர்கள். வரி எண்ணைக் காட்டி நிரல் நிற்கட்டும். ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்துக்கு அனுப்பினால் மூன்று எண்களின் வரிசையைத் திருப்பிக் கொடுங்கள். அது நீலத்தை முதலில் வைக்கும், தக்காளிச் சிவப்பு நீலமாகிவிடும். அச்சகத்துக்கோ ஆர்ஜிபி போதாது. 0, 255, 0 போன்ற பளிச் பச்சையை நான்கு வண்ண மையில் கொண்டுவர முடியாது, மங்கித்தான் விழும். சிஎம்ஒய்கே (அந்த நான்கு மைகளின்) அளவுகளை மாதிரி அச்சு பார்த்து முடிவு செய்து, எக்செல்லில் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.