பெரிய செபரேட்டர் வாங்கும் முன் துளியின் அளவைப் பாருங்கள்

எண்ணெய் வயல் ஒன்றில் உற்பத்திப் பிரிவைக் கவனிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கிணறுகளிலிருந்து வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு ஒரு வருடத்தில் 30 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக ஏறிவிட்டது. எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றையும் பிரிக்கும் செபரேட்டரிலிருந்து வெளியேறும் எண்ணெயில் முன்பு 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தண்ணீர் இப்போது 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. டீமல்சிஃபையர் (எண்ணெயையும் தண்ணீரையும் பிரிய வைக்கும் மருந்து) அளவை இரட்டிப்பாக்கியும் பலனில்லை. இன்னும் பெரிய கலன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

செபரேட்டருக்குள் நடப்பது ரொம்ப எளிமையான வேலைதான். எண்ணெயில் மிதக்கும் தண்ணீர்த் துளி கனமானது, மெல்லக் கீழே இறங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை 1851-லேயே இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் சூத்திரமாக எழுதிவிட்டார். அதில் துளியின் விட்டம் வர்க்கமாக வருகிறது. மற்றவை எல்லாம் ஒற்றைப் படியில்தான் வருகின்றன. எண்ணெயின் பிசுபிசுப்பு 10 சென்டிபாய்ஸ், இரண்டு திரவங்களின் அடர்த்தி வித்தியாசம் கனமீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) துளி 1 மீட்டர் ஆழமுள்ள எண்ணெயைக் கடக்க ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். அதே துளி 100 மைக்ரானாகச் சிதைந்திருந்தால் 3 மணி நேரத்துக்கும் மேல். கலனை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு நேரம். துளியின் விட்டம் பாதியானாலோ நான்கு மடங்கு நேரம் தேவைப்படும். இந்தப் பந்தயத்தில் இரும்புத் தகடு ஜெயிக்காது.

சரி, துளியை உடைப்பது யார்? பெரும்பாலும் கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வுதான். கிணற்று அழுத்தம் முழுதும் ஒரு குறுகிய துவாரத்தில் விழும்போது அந்த ஆற்றல் துளிகளைக் கிழிக்கிறது. கிழிந்த துளியின் புது மேற்பரப்பில், எண்ணெயிலேயே உள்ள ஆஸ்ஃபால்டீன் என்ற தார் போன்ற பொருள், மெழுகு, நுண்ணிய களிமண், இரும்பு சல்ஃபைடு போன்றவை போய் ஒட்டி ஒரு தோல் போல ஆகிவிடுகின்றன. அப்புறம் இரண்டு துளிகள் மோதினாலும் சேராது. அதனால் டீமல்சிஃபையர் எங்கே செலுத்தப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். செபரேட்டரின் வாசலில் செலுத்தினால் தோல் உருவான பிறகுதான் மருந்து போய்ச் சேர்கிறது. சோக்குக்கு முன்னால் செலுத்தினால், துளி உடையும் நொடியிலேயே மருந்து பக்கத்தில் இருக்கும், கலக்கவும் நேரம் கிடைக்கும். பல இடங்களில் இந்த ஒரு மாற்றமே மருந்தின் அளவைக் குறைக்க வைத்திருக்கிறது.

அளவை இரட்டிப்பாக்கியதுதான் எனக்குக் கவலை. டீமல்சிஃபையரும் மேற்பரப்பில் வேலை செய்யும் பொருள்தான். ஓரளவுக்கு மேல் போனால் அதுவே எமல்ஷனை, அதாவது பிரியாத எண்ணெய்-தண்ணீர்க் கலவையை, தாங்கிப் பிடிக்கத் தொடங்கும். எனவே பாட்டில் டெஸ்ட் செய்யுங்கள். மருந்து கலக்காத புது மாதிரியை, மருந்து செலுத்தும் இடத்துக்கு முன்னால் எடுங்கள். 100 மில்லி அளவுகோடிட்ட குழாய்கள் சிலவற்றில் நிரப்பி, வெவ்வேறு அளவு மருந்து விட்டு, எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் குலுக்கி, செபரேட்டரின் வெப்பநிலையிலேயே நீர்த்தொட்டியில் வையுங்கள். 5, 10, 20, 30 நிமிடங்களில் அடியில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று குறியுங்கள். அளவை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். பிரிந்த கோடு கூர்மையாக இருக்கிறதா, நடுவே பஞ்சு போல ஏதாவது தொங்குகிறதா, மேலே நிற்கும் எண்ணெய் பளபளப்பாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உள்ள கிணறு என்றால், வாயு எச்சரிக்கைக் கருவியும் மூச்சுக் கருவியும் இல்லாமல் மாதிரிக் குழாயைத் தொடவே கூடாது.

உங்கள் கடிதத்தில் இன்னொரு முக்கியமான எண் 55. தண்ணீர்ப் பங்கு ஏறிக்கொண்டே போகும்போது, ஒரு கட்டத்தில் எண்ணெய்க்குள் தண்ணீர் என்ற நிலை மாறி, தண்ணீருக்குள் எண்ணெய் என்று தலைகீழாகும். எங்கே மாறும் என்பது ஒவ்வொரு கச்சா எண்ணெய்க்கும் வேறுபடும். அந்தத் திருப்பத்தை நெருங்கும்போது எமல்ஷனின் பிசுபிசுப்பு வெறும் எண்ணெயைவிடப் பல மடங்கு ஏறிவிடும். நீங்கள் அந்த உச்சிக்குப் பக்கத்தில் நிற்கலாம். அப்படியென்றால், பிரிந்த தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்பச் செபரேட்டரின் முன்னால் விட்டு, கலவையைத் திருப்பத்துக்கு அப்பால் தள்ளிவிடலாம். தண்ணீரைக் குறைக்கத் தண்ணீர் சேர்ப்பதா என்று தோன்றும். பாட்டிலிலேயே முதலில் செய்து பார்த்துவிடுங்கள். வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்ற வழி இருந்தாலும் பாருங்கள், பிசுபிசுப்பு சட்டென்று இறங்கும்.

அடுத்து, கலனுக்குள். லெவல் கிளாஸை (உள்ளே திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடியை) நம்பாதீர்கள். ஒருமுறை கண்ணாடியில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே கத்தியால் கீறியது போல் சுத்தமான கோடு தெரிந்தது. பக்கத்தில் வெவ்வேறு உயரத்தில் இருந்த ஐந்து மாதிரிக் குழாய்களைத் திறந்தேன். மேலே எண்ணெய், அடியில் தண்ணீர், நடுவில் இருந்த மூன்றிலும் சாக்லேட் நிறத்தில் கெட்டியான குழம்பு. அந்தக் குழம்பு மெல்லிய இணைப்புக் குழாய் வழியாகக் கண்ணாடிக்கு வரவே இல்லை. தடுப்புச் சுவர் வரைக்கும் ஏறி எண்ணெயோடு வழிந்துகொண்டிருந்தது அதுதான். அடியில் மணல் சேர்ந்து தண்ணீரின் இடத்தைப் பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தண்ணீர்ப் பக்கத்தில், மிஞ்சிய எண்ணெயைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வைத்திருந்தால் அங்கும் இதே விதிதான். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் த்யூவும் டெரிக் கோல்மனும் உருவாக்கிய அந்த ஒல்லியான கூம்புக் குழாய், புவியீர்ப்பைவிடப் பல நூறு மடங்கு விசையில் எண்ணெய்த் துளியை நடுமையத்துக்கு ஒதுக்கும். ஆனால் துளி 10 மைக்ரானுக்குக் கீழே போனால் அதுவும் திணறும். ஆகவே அதை லெவல் கட்டுப்பாட்டு வால்வுக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால், வால்வு உடைத்துத் தந்த துளிகளைத்தான் அது பிடிக்கப் போராடும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் எண்ணெயில் தண்ணீர் நிற்கிறது என்றால், கலனின் உள்பாகங்களை மாற்றுவது அடுத்த படி. நுழைவாயிலில் வெறும் மோதல் தகடு இருந்தால் அதை எடுத்துவிட்டு, வரும் ஓட்டத்தைச் சுழலவிடும் சைக்ளோன் வகை நுழைவாயில் போடலாம். அதற்கும் அப்புறம்தான் மின்புலத்தால் துளிகளைச் சேர்க்கும் கருவி. இதன் மூலக் கருத்துக்கு அமெரிக்க வேதியியலாளர் ஃபிரெடரிக் கோட்ரெல் 1911-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். தண்ணீர் அதிகம் உள்ள இடத்தில் பழைய வகை மின்தட்டுகள் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், காப்பிட்ட மின்முனை உள்ள வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் முடித்தபின், ஓட்ட அளவைக் கலனின் திரவக் கொள்ளளவோடு ஒப்பிட்டு, திரவம் உள்ளே தங்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 35 ஏபிஐக்கு (எண்ணெய் எவ்வளவு லேசானது என்று காட்டும் அளவு) மேற்பட்ட லேசான எண்ணெய்க்கு 3 முதல் 5 நிமிடம், அதைவிடக் கனமானதற்கு வெப்பநிலையைப் பொறுத்து 5 முதல் 30 நிமிடம் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் செபரேட்டர் தரநிலையான ஏபிஐ 12ஜே சொல்கிறது. உங்கள் எண் அதற்கும் கீழே இருந்தால், புதிய கலனுக்கு நானே பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன்.