பிழையை விழுங்கினால் செரிக்குமா?

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு சி மொழியில் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதுகிறேன். எஸ்பிஐ (சர்வருக்குள்ளிருந்தே எஸ்கியூஎல் ஓட்டும் இடைமுகம்) வழியாக ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. டூப்ளிகேட் வந்தால் தாண்டிப் போகட்டும் என்று பிழையைப் பிடிக்கும் பிஜி_டிரை, பிஜி_கேட்ச் போட்டு, பிழையை ஃப்ளஷ்எரர்ஸ்டேட் மூலம் அழித்துவிட்டேன். சில சமயம் ஓடுகிறது, சில சமயம் சர்வரே விழுகிறது. ஏன்?

பதில்: நானும் இதைச் செய்து இரண்டு நாள் முழித்திருக்கிறேன். யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டு முறை வரவிடாதது) உள்ள டேபிளில் ஒரே எண் இரண்டு வரிசைகளில்! இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் ஒன்றுதான் கிடைக்கும்; டேபிளை முழுக்கப் படித்தால் இரண்டு.

காரணம் இதுதான். வரிசை முதலில் டேபிளில் எழுதப்படுகிறது. டூப்ளிகேட் சோதனை அப்புறம், இண்டெக்ஸில் சேர்க்கும்போது நடக்கிறது. பிஜி_கேட்ச் வெறும் லாங்ஜம்ப். ஓட்டத்தை வேறு இடத்துக்குத் தாவ வைக்குமே தவிர எதையும் திரும்பப் பெறாது. எழுதிய வரிசை, பிடித்த லாக், பஃபர் பின் (நினைவில் பிடித்து வைத்த பக்கம்) எல்லாம் அப்படியே கிடக்கும். பிழையை விழுங்கிவிட்டு கமிட் செய்தால் அந்த அரைகுறை வரிசையும் கமிட் ஆகிவிடும்.

இதையெல்லாம் துடைக்கத் தெரிந்தது, தனியாகத் திரும்பப் பெறக்கூடிய உள் பரிவர்த்தனையான சப்டிரான்சாக்‌ஷன் மட்டுமே. டிரைக்கு முன்னால் அப்போதைய மெமரி கான்டெக்ஸ்ட்டையும் (நினைவகம் ஒதுக்கப்படும் பகுதி) ரிசோர்ஸ் ஓனரையும் (லாக், பின் போன்றவற்றின் கணக்கு) எடுத்து வைத்துக்கொண்டு பிகின்இன்டர்னல்சப்டிரான்சாக்‌ஷனை அழையுங்கள். அது கான்டெக்ஸ்ட்டை மாற்றிவிடும், பழையதற்குத் திரும்புங்கள். வேலை முடிந்தால் ரிலீஸ். கேட்சில் எதற்குப் பின் எது என்பது முக்கியம்: பழைய கான்டெக்ஸ்ட்டுக்கு மாறி, காப்பிஎரர்டேட்டா, அப்புறம் ஃப்ளஷ், அப்புறம் ரோல்பேக். பிழை விவரம் இருக்கும் எரர்கான்டெக்ஸ்ட்டில் இருந்துகொண்டே காப்பி எடுத்தால் ஃப்ளஷ் அதையும் அழித்துவிடும். எந்த வழியில் வெளியே வந்தாலும் கான்டெக்ஸ்ட், ஓனர் இரண்டையும் பழையபடி வையுங்கள். பிடித்தது டூப்ளிகேட் பிழைதானா என்று எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற பிழைக் குறியீட்டில் 23505 பாருங்கள். வேறு எதுவானாலும் ரீத்ரோஎரர் மூலம் திரும்ப எறியுங்கள். பயனர் கேன்சல் அழுத்தியதையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள்.

சர்வர் விழுவதற்கு எனக்கு வேறு சந்தேகம். டிரைக்குள் ரிட்டர்ன் அல்லது கன்டின்யூ வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பழைய எக்ஸெப்ஷன் ஸ்டாக் (பிழை வந்தால் எங்கே தாவுவது என்ற குறிப்பு) மீட்கப்படாது; அடுத்த பிழை செத்துப்போன ஃப்ரேமுக்குத் தாவும். டிரைக்குள் மாற்றி கேட்சில் படிக்கும் மாறிகளுக்கு, தாவிய பிறகும் மதிப்பு சரியாக இருக்க, வோலடைலும் வேண்டும்.

இன்னொன்று. வரிசைக்கு ஒரு சப்டிரான்சாக்‌ஷன் என்றால், ஒரு பேக்எண்டுக்கு (ஒரு செஷனுக்கான சர்வர் ப்ராசஸ்) அவற்றின் 64 எண்கள்தான் பகிர்நினைவில் நிற்கும். அதைத் தாண்டினால் மற்ற செஷன்களும் அந்த எண்களின் பதிவேடான பிஜி_சப்டிரான்ஸைப் புரட்ட வேண்டிவரும். டூப்ளிகேட் மட்டும்தான் தொல்லை என்றால் இவ்வளவும் எதற்கு? 9.5 பதிப்பிலிருந்தே ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’ (மோதினால் விட்டுவிடு) இருக்கிறது.