மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய்: ரத்தத்தில் வரும் எண் எதைச் சொல்லும்? (கேள்வி பதில்)

ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் 27 ஆண்டு வேலை பார்த்தவன் நான். டியூமர் மார்க்கர், அதாவது கட்டி ரத்தத்தில் விடும் அடையாளப் பொருள், அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு லேபில் வந்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். பரிசோதனை கிட் மாறினால் எண்ணும் மாறும்.

மதுரையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 61 வயது. நுரையீரலில் அடினோ கார்சினோமா, மூளையில் மூன்று கட்டி. சிஇஏ 214 என்று வந்திருக்கிறது. இவ்வளவு அதிகம் என்றால் நாள் குறைவு என்று அர்த்தமா சார்?

இல்லை அம்மா. அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் நாள் சொல்ல முடியாது.

சிஇஏ ஒரு புரதம். 1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் இதைப் பெருங்குடல் கட்டிகளில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான லேப்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்று போடும். புகை பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அடினோ வகைக் (சுரப்பிச் செல்களிலிருந்து வரும்) கட்டிகளில் சில இந்தப் புரதத்தை நிறையச் சுரக்கும், சில சுரக்கவே சுரக்காது. அதனால் 214 உள்ள ஒருவர் 14 உள்ளவரைவிட நன்றாக இருக்கலாம். நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், சிஇஏ அதிகம் உள்ளவர்கள் சராசரியில் சற்றுப் பின்தங்கியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கூட்டத்தின் சராசரி உங்கள் அப்பாவின் கதை ஆகாது.

மூளைக்குப் பரவிய பிறகு நோய் எப்படிப் போகும் என்று கணிக்க மருத்துவர்கள் லங்-மால்ஜிபிஏ என்றொரு மதிப்பெண் முறையை வைத்திருக்கிறார்கள். 2017-ல் வெளியானது. 2,186 நோயாளிகளின் விவரங்களிலிருந்து செய்தது. அதில் கேட்பவை: வயது, ஆள் எவ்வளவு தூரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், மூளை தவிர வேறு எங்கே பரவியிருக்கிறது, மூளையில் எத்தனை கட்டி, அடினோவாக இருந்தால் ஈஜிஎஃப்ஆர் அல்லது ஏஎல்கே என்ற ஜீன்களில் மாற்றம் உண்டா. சிஇஏ அதில் இல்லவே இல்லை. 2022-ல் திருத்தியபோது பிடி-எல்1 என்ற கட்டிப் புரதம் சேர்ந்தது, அப்போதும் சிஇஏ சேரவில்லை.

அந்த முறையில் அடினோ நோயாளிகளில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர்களில் பாதிப் பேர் 46 மாதங்களைத் தாண்டி இருந்தார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு அந்தப் பாதி அளவு 7 மாதம். ஒரே நோயில் எவ்வளவு தூரம் பாருங்கள். அவர்கள் எல்லோரும் 2006 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இன்றைய மாத்திரைகளில் பல அப்போது கிடையாது. ஆகவே மருத்துவரிடம் போய் ஜீன் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள். 214-ஐப் பற்றி அப்புறம் பேசலாம்.

சேலம் வாசகர்: பயாப்சியில் அடினோ என்றார்கள். ஈஜிஎஃப்ஆர் மாத்திரை 14 மாதமாக எடுக்கிறார். இப்போது என்எஸ்இ 38. ஸ்மால் செல் வகையாக மாறிவிட்டதா?

முதலில் அந்த சாம்பிள் எப்படி எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். என்எஸ்இ, ஸ்மால் செல் என்ற வேகமாக வளரும் நுரையீரல் புற்றுநோய் வகைக்குப் பார்க்கும் மார்க்கர். அது ரத்தச் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து எடுத்தாலோ, எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தாலோ, சிவப்பணு உடைந்து எண் தானாக ஏறிவிடும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் சாம்பிள்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த என்எஸ்இயை நம்பவே கூடாது. லேபுக்கே நேரில் போய் மறுபடியும் கொடுங்கள்.

நீங்கள் கேட்ட சந்தேகம் வீணானதல்ல. ஈஜிஎஃப்ஆர் மாத்திரையில் இருப்பவர்களில் சிலருக்குக் கட்டி ஸ்மால் செல்லாக மாறுவது உண்மைதான். ஆனால் அதை முடிவு செய்வது திரும்ப எடுக்கும் பயாப்சி. மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

வேலூர் வாசகர்: சிஇஏ 12. எவ்வளவு காலம்?

மதுரைக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். உங்களுக்கும் அதுதான்.

திருச்சி வாசகர்: தலை முழுக்க ரேடியேஷனா, கட்டிக்கு மட்டும் குறிவைத்தா, எது நல்லது?

இது கதிர்வீச்சு மருத்துவர் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கோவையிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு ஏஎல்கே. அதற்கான கிரிசோட்டினிப் மாத்திரை ஆரம்பித்த பிறகு சிஇஏ 86-லிருந்து 7-க்கு வந்துவிட்டது. முன்பு மூளையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். மார்க்கர்தான் இறங்குகிறதே, அது போதாதா?

போதாது தம்பி. தயவுசெய்து எம்ஆர்ஐயைத் தவிர்க்காதீர்கள்.

மார்க்கர் என்பது உடம்பு முழுக்க உள்ள நோயின் மொத்தக் கூட்டல். அதில் பெரும்பங்கு நுரையீரல், ஈரல், எலும்பு ஆகியவற்றில் இருக்கும் கட்டிகளுடையது. மூளையில் 5 மில்லிமீட்டர் கட்டி அந்தக் கூட்டலில் தெரியவே தெரியாது. ஆனால் அதே 5 மில்லிமீட்டர், இருக்கும் இடத்தைப் பொறுத்து, வலிப்பு வரவைக்கும், பேச்சைக் குழற வைக்கும். அதோடு மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. கிரிசோட்டினிப் அதைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. உடம்பில் நோய் சுருங்க, சிஇஏ அழகாக இறங்க, மூளையில் மட்டும் நோய் வளர்வது இந்த மருந்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

கோவை மகன்: அம்மா நன்றாக நடக்கிறார், சமைக்கிறார். நீங்களும் பயமுறுத்துகிறீர்களே சார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: தம்பி, என்ரை கணவருக்கும் மார்க்கர் நோர்மல்தான். ஒரு நாள் காலமை கோப்பையைப் பிடிக்க ஏலாமல் போச்சு. ஸ்கேன் எடுத்தால் தலைக்குள் நாலு. ஐயா சொல்வதைக் கேளுங்கோ.

சென்னை வாசகர்: அப்படியென்றால் மார்க்கரே வேண்டாமே. ஏன் மாதாமாதம் எடுக்கிறார்கள்? காசு பிடுங்கத்தானே?

மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கோவைத் தம்பி, அம்மா நடப்பதும் சமைப்பதும் மிக நல்ல அடையாளம், எந்த மார்க்கரையும்விடப் பெரியது. அந்த நிலைமை கெடாமல் இருக்கத்தான் எம்ஆர்ஐ. கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் குறிவைத்த கதிர்வீச்சுக்கும், மூளைக்குள் போகும் மாத்திரைக்கும் வழி இருக்கிறது. லோர்லாட்டினிப் என்ற இன்னொரு ஏஎல்கே மாத்திரையை கிரிசோட்டினிப்போடு ஒப்பிட்ட கிரவுன் ஆய்வில், 5 ஆண்டுக்குப் பிறகும் மூளையில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லோர்லாட்டினிப்பில் 92 சதவீதம், கிரிசோட்டினிப்பில் 21 சதவீதம். உங்கள் அம்மாவுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணம் அம்மா, எழுதியதற்கு நன்றி. இது என் பத்து பதில்களுக்குச் சமம்.

சென்னைக்காரரே, மாதாமாதம் எடுப்பது தேவையில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். வேண்டவே வேண்டாம் என்பதில் உடன்பாடில்லை. ஆரம்பத்தில் உயர்ந்திருந்த ஒரு மார்க்கர், அதே லேபில், சிகிச்சைக்குப் பின் இறங்கி, பிறகு தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஏறினால், ஸ்கேனை முன்கூட்டி எடுக்க அது ஒரு காரணம். கீமோ ஆரம்பித்த முதல் வாரங்களில் செல்கள் உடைவதால் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு, அதைப் பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு சைஃப்ரா, புரோஜிஆர்பி என்ற வேறு இரண்டு நுரையீரல் மார்க்கர்களும் நோய் கூடாமலே ஏறும்.

ஈரோடு, கடலூர், தஞ்சாவூர் வாசகர்கள்: (மூவரும் சிஇஏ எண்ணைக் கொடுத்து "ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறார்கள்.)

எண் மட்டும் இருக்கிறது. எந்த வகைக் கட்டி, ஜீன் ரிப்போர்ட், ஆள் எப்படி இருக்கிறார், எதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், சொன்னால் அது பொய்யாக இருக்கும். கடலூர்க்காரர் இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டிருக்கிறார். ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன்.

நாகர்கோவில் வாசகி: கீமோவில் முடி கொட்டியதால் பயோட்டின் மாத்திரை எடுக்கிறேன். மார்க்கர் திடீரென்று இறங்கிவிட்டது. நல்லதுதானே?

நல்ல வேளை கேட்டீர்கள். பயோட்டின் என்ற வைட்டமினை அதிக அளவில் எடுத்தால், சில கிட்களில் மார்க்கர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேபிலும் மருத்துவரிடமும் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் நாள் வரை நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள்.

பெங்களூரு வாசகர்: ரத்தத்திலேயே ஜீன் பார்க்கும் லிக்விட் பயாப்சி எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. நோய் மூளையில் மட்டும்தான் இருக்கிறது.

மூளையில் மட்டும் நோய் இருக்கும்போது கட்டியின் டிஎன்ஏ ரத்தத்துக்கு வருவது குறைவு. ஒன்றும் இல்லை என்ற முடிவை "மாற்றம் இல்லை" என்று படிக்கக் கூடாது. முதுகுத் தண்டு நீரில் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். எடுப்பது பாதுகாப்பா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பழைய பயாப்சியின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) மருத்துவமனையில் இருந்தால் அதிலும் பார்க்கலாம்.

கோவை மகன்: வியாழக்கிழமை எம்ஆர்ஐக்கு நேரம் வாங்கிவிட்டேன் சார்.

சந்தோஷம் தம்பி. பழைய எம்ஆர்ஐ சிடியைக் கையோடு கொண்டுபோங்கள், ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கான்ட்ராஸ்ட் போடுவார்கள், அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.